நாலாவது நாற்காலி

பலாபத்வலயில் வீட்டிலேயே கேக் சுட்டு விற்கும் விஜிதா எந்தக் குடும்பப் படத்திலும் இல்லை. எடுப்பவள் அவள்தானே! ஞாயிற்றுக்கிழமை பட்டர் கேக்கை வெட்டி, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மேசையில் உட்காரவைத்து, போனில் படமெடுத்தாள். படத்தில், நாலாவது நாற்காலியில் அவளே உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தாள்.

“இதுல நீ நல்லா விழுந்திருக்க” என்றான் புருஷன். யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

குசினியில் தனக்கென்று எடுத்துவைத்த துண்டைக் காணோம். தட்டில் தூள்தான் மிச்சம்.

விஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனிலிருந்த அந்தப் படத்தைப் பார்த்து, “தின்னது சரி, தட்ட யாரு கழுவுறது?” என்று கத்தினாள்.

அடுத்த ஞாயிறும் படமெடுத்தாள். படத்தில் நாலாவது நாற்காலி காலியாக இருந்தது. விஜிதாவோடு நாலு பேரும் மேசைக்குப் பக்கத்தில் இருக்க, குசினியில் தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.