ஒரு கெட்டில் வெந்நீர்

ஃபெஸ் நகரில் ஜின் கதை என்றால் எழுத்தாளர் தாஹிர்தான். கையெழுத்து கேட்டு வீட்டுக்கு வந்த வாசகியின் தோளில், துணி போர்த்திய கைக்குழந்தை.

“சாக்கடையில வெந்நீர் ஊத்துறப்போ பிஸ்மில்லாஹ் சொல்லணும், இல்லேன்னா கீழ இருக்கிற ஜின்னுங்க வெந்துடும்னு எழுதியிருக்கீங்களே உஸ்தாத், நிஜமா?”

“அட, அதெல்லாம் புத்தகம் விக்கிறதுக்கும்மா! நேத்துகூட ஒரு கெட்டில் வெந்நீரைச் சும்மாவே கொட்டினேன். எந்த ஜின் கத்துச்சு?”

“கத்துச்சு உஸ்தாத். உங்களுக்குத்தான் கேக்கல.”

துணியை விலக்கினாள். குழந்தை தலையிலிருந்து கால்வரை வெந்து, தோல் உரிந்து கிடந்தது.

தாஹிர் சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். குளியலறையில் அவருடைய சின்ன மகள் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலைக் காணவில்லை.

“உங்க பொண்ணா உஸ்தாத்?” என்றாள் அவள். “அது கத்தினா உங்களுக்குக் கேக்கும்ல?”