சாப்பாட்டு மேசைக் கதிரை

வத்தேகம வீட்டின் முன்னறையில் அஸர் தொழுகை நேரத்துப் பின்னேர வெயில் தொழுகைப் பாயின் பாதியில் விழுந்திருக்கிறது. மூன்று வருடமாக உட்கார்ந்து தொழுத கதிரையை என் மனைவி அஸீமா சுவரோரம் தள்ளுகிறாள். நாற்பத்தொரு வயதில் வயிற்றில் வந்த கட்டிக்காகச் சூலகங்களை எடுத்த பிறகு அவளுடைய எலும்புகள் தேய்ந்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதற்கே முதுகில் ஓர் எலும்பு நசுங்கியது. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் ஹோர்மோன் மாத்திரை. நோன்பு மாதத்தில் அது விடியுமுன் உண்ணும் ஸஹர் சோற்றோடு. இன்று காலை கண்டியில் எடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி கூடியிருக்கிறது. "இனிப் பயமில்லாமக் கீழ தொழலாம்" என்றார் டொக்டர். நான் அலுமாரியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழங்கால்கள் மெல்ல மடிகின்றன, கைகள் பாயைத் தொடுகின்றன, நெற்றி வெயிலில் பதிகிறது. பதிந்தே கிடக்கிறது. பயந்துபோய் ஓரடி எடுத்து வைக்கிறேன். அவளோ எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிறாள். தொழுது ஸலாம் கொடுத்ததும் என் பக்கம் திரும்புகிறாள். "என்னத்தப் பாக்குறீங்க? அந்தக் கதிரயக் கொண்டு போய் மேசைக்கிட்டப் போடுங்க. சின்ன மகள் மூணு வருஷமா ஸ்டூல்ல இருந்துதானே சாப்பிடுறா."