காட்டரசனின் குரல்

"காட்டரசருக்கு என் முழங்கால் வலி ஞாபகம் இருக்கு. எப்படி விசாரிச்சாரு! நீங்க கேட்டீங்களா?"

"அடியே, காட்டரசனா பேசினதே நான்தானே?"

"நீங்க எங்க பேசினீங்க? கழுத்துப்பட்டை பேசுச்சு, நீங்க வாயசைச்சீங்க." என் மனைவி அகல்யா சிரித்தபடி பகடைகளைப் பொறுக்கினாள்.

ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஆடும் மாயக்கதை ஆட்டத்தை நடத்துபவன் நான். அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டால் காட்டரசன் போன்ற கதாபாத்திரங்கள் என் வாய் வழியே தாமாகவே பேசும். ஆட்டக்காரர்கள் என்றோ சொன்ன எதையும் அது மறப்பதில்லை.

என் வாயின் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது. பட்டையைக் கழற்றிவிட்டு அவளருகே உட்கார்ந்தேன்.

"இப்ப வலி எப்படிம்மா இருக்கு?"

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை கேளுங்களேன்."