கெட்டுப்போன டிஸ்க்

"மறுபடியும் போச்சா?"

தேயிலைத் தோட்டத்து மேனேஜரான துரை ஆபீஸ் வாசலிலேயே நின்று கேட்டார். அம்சவல்லி திரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

பச்சை எழுத்தில் அதே வரி. வைரஸ் இருக்கிறதாம், பதிவைப் பூட்டிவிட்டதாம்.

வைரஸ் எதுவும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து தபாலில் வந்த வைரஸ் தடுப்பு டிஸ்க்தான் கோளாறு. திங்கட்கிழமை அதைப் போட்டதும், தொழிலாளர் பதிவையே வைரஸ் என்று நினைத்துப் பூட்டிவிட்டது. விற்ற கம்பெனிக்கு போன் செய்தாள். "ஆமா, புதுசுல தப்பு இருக்கு. எடுத்துட்டுப் பழசையே போடுங்க" என்றார்கள்.

சொல்வது சுலபம். புதியதை முழுக்க அழித்து, பழையதை ஏற்றி, பதினாலு டிஸ்க்கிலிருந்து பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முடிக்கும்போது மணி ஐந்தாகிவிடும்.

"அச்சடிக்கிறத நாளைக்குப் பார்த்துக்கலாம்மா. பிரிஞ்சாங் பஸ் போயிடும்" என்பார் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சாம்பசிவம். நாள் முழுக்க அவள் பின்னால் நின்று, அவள் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் வந்தால் மறுபடியும் பூட்டு. இன்றோடு மூன்றாவது முறை.

"ஈப்போவுல கோர்ஸ் படிச்சேன்னுதானே வேலை கொடுத்தேன்? இன்னும் எத்தனை நாள்லா ஆகும்?" என்றார் துரை. "ஓய்வுக் கடிதம் கம்ப்யூட்டர்ல அடிச்சுதான் கொடுக்கணும்னு ஹெட் ஆபீஸ்ல டெய்லி போன் பண்றான். முடியலன்னா சொல்லிடு. வேற ஆளப் பார்த்துக்கறேன்."

அவள் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கண் நிறைந்துவிட்டது.

"பொண்ண ஏசாதீங்க துரை" என்று சாம்பசிவம் குறுக்கே வந்தார். "மெஷின் பண்ற கூத்துக்கு அது என்ன செய்யும்?"

அந்த ஒரு பேச்சுக்காகவே அவரைக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திராமல் காய்கறி லோரியில் ஏறி ஏழு மணிக்கே வந்துவிட்டாள். ஆபீஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் சாம்பசிவம். அவள் ஒதுக்கிவைத்த கெட்டுப்போன டிஸ்க் அவர் கையில். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களா?"

அவர் திடுக்கிட்டாலும் எழுந்திருக்கவில்லை.

"தினமும் நீங்கதான் இதைத் திரும்பப் போட்டீங்களா?"

"இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கம்மா. அப்புறம் நானே இதைத் தூக்கிப் போட்டுடறேன்."

"எதுக்கு ஒரு வாரம்?"

"உனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா நீயும் சேர்ந்து மாட்டிக்குவ."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பேனா பிடித்த கை. கம்ப்யூட்டர் வந்ததும் பயம்.

"உங்க நாற்காலியக் காப்பாத்திக்க என் வேலையில கை வச்சிட்டீங்களே ஐயா."

அவர் அவளைப் பார்த்தார். டிஸ்க்கை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

எட்டு மணிக்குத் துரை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பசிவம் மறுக்கவில்லை.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்றார் துரை.

"தப்புதான் துரை."

அன்றைக்கே அவரை ஆபீஸிலிருந்து எடுத்து, தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி எண்ணுகிற வேலைக்கு அனுப்பினார்கள். மூக்குக் கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு, தூறலில் மேட்டில் ஏறிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்த அம்சவல்லிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தடுக்க ஆளில்லை, கையும் பழகியிருந்தது. மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடியது. அந்த மாதம் ஒரே ஒரு கடிதம்தான். மணியம்மா, ஐந்தாம் லயம்.

துரை கையெழுத்துப் போட்டு நீட்டினார். "வெரி குட். இன்னைக்கே கொடுத்துடணும். பியூன் தானா ராத்தா டவுனுக்குப் போயிருக்கான். நீயே போய்க் கொடுத்துட்டு வந்துடு."

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், மணியம்மா வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் பலகைக் கட்டில். அதில் எலும்பும் தோலுமாக ஒருவர், கண்ணை மூடி, வாயைத் திறந்து, விட்டு விட்டு மூச்சிழுத்துக்கொண்டிருந்தார். மணியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி கடிதத்தை நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீயே படிச்சுச் சொல்லு."

அம்சவல்லி படித்தாள். "உங்களுக்கு ஐம்பத்தஞ்சு வயசு முடிஞ்சிடுச்சு. இந்த மாசத்தோட வேலையிலேருந்து ஓய்வு. வீட்டை..."

நிறுத்தினாள். கட்டிலைப் பார்த்தாள்.

"படிம்மா."

"வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுக்கணும்."

மாசம் முடிய நாலு நாள் இருந்தது.

மணியம்மா அழவில்லை. பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கணவரின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"டாக்டரு இன்னும் ஒரு வாரம்தான்னு சொன்னாரு. இவரு பொறந்ததே இந்த வீட்டுலதாம்மா. இங்கயே போய்ச் சேரட்டும்னு எனக்கு ஆசை. அதைக் கேட்டுட்டுதான் கிராணி ஐயா சொன்னாரு, 'நீ பயப்படாத மணியம்மா, அதுவரைக்கும் மெஷினு சரியாவாது'ன்னு."

கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அதுக்குள்ள யாரும்மா சரி பண்ணாங்க?"