லாக்கைத் திறக்கும் எலி

ஃபிரிட்ஜ் கதவின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் பெருமூச்சு விட்டார்.

"ஐஸ் கொட்டுற மெஷினுக்குப் போற வயர் மறுபடியும் கழண்டிருக்கும்மா. இந்த மாசத்துல இது மூணாவது தடவை. வயர் முனையில இருக்கிற லாக்கை அமுக்கி இழுக்காம இது வெளிய வராதே!"

"எலியா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர், ஃபேனைப் பார்த்தபடி.

"லாக்கை அமுக்கத் தெரிஞ்ச எலியா? எங்க கடைக்கு அனுப்பி வைங்க சார், அங்க ஆள் பத்தல."

"எதுக்குங்க இந்தத் தொல்லை? பேசாம ட்ரேயிலயே ஐஸ் வெச்சுக்கலாம்னு இவகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

மெக்கானிக், பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "சார் சொல்றதும் சரிதானேம்மா. உங்களுக்கு ஐஸ் அவ்வளவு அவசியமா?"

"எனக்கா? ஐஸ் பட்டாலே பல்லு கூசும்."

"அப்புறம் எதுக்கும்மா என்னை மூணு தடவை வரச் சொன்னீங்க?"

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ட்ரேயில எடுத்தா சத்தமே வராதுப்பா. இது கடகடன்னு கொட்டினாத்தான், இவர் எத்தனையாவது ரவுண்டு ஊத்துறார்னு மாடியில படுத்துக்கிட்டே என்னால எண்ண முடியும்!"