மேலே வந்த நீர்மூழ்கி

மீமிசல் பழனிச்சாமியின் புது விசைப்படகுக்கு டிரைவர் வேண்டும். ஜஸ்டின், பெலிக்ஸ் என்று இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

வேறு படகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது போட்டிருப்பார். இதில் தொழில் பழக ஏறப்போவது மாப்பிள்ளை தமிழ்செல்வன். துபாய் ஏசி ரூமில் இருந்து வந்தவர், நீச்சல் தெரியாது. அது வெளியாட்கள் யாருக்கும் தெரியாது.

"பேச வச்சுப் பாத்தா ஆளு வெளங்காது. வெளையாட வச்சுப் பாப்போம்."

மாப்பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்த கப்பல் விளையாட்டு அட்டையை விரித்தார் பழனிச்சாமி. டிரைவர் வேலைக்கு இப்படி ஒரு இன்டர்வியூ எந்தக் கடற்கரையிலும் நடந்திருக்காது.

அவருடையது நீர்மூழ்கி. தடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எதிராளி நாசகாரிக் கப்பலை வைத்துக்கொண்டு, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று ஊகித்துக் குண்டு போட வேண்டும். ஒரு குண்டு பட்டால் நீர்மூழ்கி மேலே வந்துவிடும். இன்னொன்று போட்டால் மூழ்கிவிடும். அதற்குள் தன் முறை வந்தால், நீர்மூழ்கியும் டார்பிடோ குண்டை விட்டு எதிராளியின் கப்பலை மூழ்கடிக்கலாம்.

ஜஸ்டின் விறுவிறுவென்று முடித்தார். இரண்டாவது குண்டுக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழனிச்சாமிக்குப் பரம திருப்தி.

அடுத்து பெலிக்ஸ். அவரும் கெட்டிக்காரர்தான், சீக்கிரமே நீர்மூழ்கியை மேலே வரவைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் குழப்பம். குண்டு போடாமல், தன் கப்பலை மெதுவாக நகர்த்தி நீர்மூழ்கியை ஒட்டி நிறுத்தினார்.

"என்னப்பா இது? அங்கிட்டு இருந்தே அடிச்சிருக்கலாம்ல?"

"இருக்கட்டுங்க. நீங்க ஆடுங்க."

பழனிச்சாமிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆட்டம் மறந்துவிட்டதா? பயமா? முதலாளியை ஜெயிக்க விட்டு ஐஸ் வைக்கிறானா? மாப்பிள்ளையைப் பார்த்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

எரிச்சல்தான் மிஞ்சியது. டார்பிடோவை விட்டு பெலிக்ஸின் கப்பலை மூழ்கடித்தார்.

"காக்கா பிடிக்கிற ஆளு எனக்கு வேணாம். கெளம்புப்பா."

பெலிக்ஸ் வாசலுக்குப் போய் செருப்பை மாட்டினார். பழனிச்சாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"நில்லு. ஏன் அடிக்கலைன்னாவது சொல்லிட்டுப் போ."

பெலிக்ஸ் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அடிபட்டு மேல வந்துருச்சுல்லங்க. உள்ள ஆளுக இருப்பாங்க, தண்ணியில விழுந்தா ஏத்திக்கிடணுமேன்னு பக்கத்துல போனேன். வெளையாட்டுங்கிறதே மறந்துபோச்சுங்க."

பழனிச்சாமி விளையாட்டு அட்டையை மடித்து வைத்தார். பிறகு படகுச் சாவியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"இத அவருகிட்ட குடுங்க மாப்பிள்ளை. ஒங்களுக்கு நீச்சல் தெரியாதுங்கிறதையும் சொல்லிருங்க."