வெளியே நிற்க வேண்டியவர்கள்

"அடுத்தது முப்பத்தொண்ணு. ஃபென்னா, டில்மான், ரெண்டு பேரும் வெளிய" என்றாள் மார்லூஸ், கணினியிலிருந்து தலையை எடுக்காமல்.

ஃபென்னா உடனே எழுந்தாள். இன்று ஒரு தடவையாவது எழுந்துபோக வேண்டிவரும் என்று காலையில் ரொட்டிக்குள் சீஸ் வைக்கும்போதே அவளுக்குத் தெரியும்.

தெரியாதது, டில்மான் ஏன் எழுந்தான் என்பது.

அந்தக் கடற்கரை ஹோட்டலில் மூன்று நாளாக நடப்பது சுத்தமான வியாபாரம். சரக்கு ஒன்றே ஒன்று: மேலே சுற்றிக்கொண்டிருக்கும் எக்ஸ்ரே தொலைநோக்கியின் நேரம். நட்சத்திரத்தின் எக்ஸ்ரே கதிர் தரைக்கு வந்து சேராது, வழியிலேயே காற்று விழுங்கிவிடும். அதனால் அந்தக் கடையை விட்டால் வேறு கடை கிடையாது.

நாற்பது மணி நேரம் வேண்டியவன் எண்பது கேட்பான். நேரத்தைப் பங்கிடும் குழு பாதியாக வெட்டும். வாங்கினவனுக்கும் சந்தோஷம், வெட்டினவனுக்கும் சந்தோஷம்.

விண்ணப்பங்களில் பெயர் இருக்காது. பெயர் தெரிந்தால் முகத்துக்காகக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். யாருடையது எது என்பது செயலாளர் மார்லூஸுக்கு மட்டும் தெரியும். குழுவில் இருப்பவரின் விண்ணப்பமோ, அவருடைய துறைக்காரர்களின் விண்ணப்பமோ வந்தால், அவர் எழுந்துபோய் நடைவழியில் நிற்க வேண்டும்.

நடைவழியில் காப்பி இயந்திரம் உறுமியது. டில்மான் ம்யூனிக்கிலிருந்து முதல் தடவையாகக் குழுவுக்கு வந்தவன். எல்லோரிடமும் சிரித்துப் பேசும் வயசு.

"அட, நீங்களும் இதுல இருக்கீங்களா! விலகிட்டீங்கன்னுல்ல ரெய்னியர் சொன்னாரு? பேரனைப் பாத்துக்கணும்னு ஆராய்ச்சியையே மூட்டைகட்டப் போறீங்கன்னு..."

"எதுலேர்ந்து விலகினேன்?"

"நம்ம ஜோடி நட்சத்திரம்தான். வேற எது?"

ஃபென்னாவுக்குப் பிள்ளையே கிடையாது. பொய்க்குக்கூட ரெய்னியர் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அந்த ஜோடியைக் கண்டுபிடித்தவள் அவள். ஒரு பெரிய நட்சத்திரம், அதைச் சுற்றிவரும் ஒரு செத்த நட்சத்திரம். பதினெட்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டும் உரசுகிற மாதிரி நெருங்கும். சில வாரம் எக்ஸ்ரே கொட்டும். போன தடவை தொலைநோக்கி வேறு யாருக்காகவோ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நெருக்கம் வரும் கோடையில். அதையும் விட்டால், அதற்கடுத்த தடவை அவளுக்கு எழுபத்தொன்பது வயசு. தொலைநோக்கி கடலில் விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும்.

ரெய்னியர் அவளுடைய பாதி. எதிரெதிர் மேஜை, எல்லாக் கட்டுரையிலும் இரண்டு பெயர், இந்த வருஷம் அவன் முதலில் என்றால் அடுத்த வருஷம் அவள். ஆய்வகத்தில் அவர்களைத் தம்பதி என்று கேலி செய்வார்கள். அவனுடைய நிஜ மனைவியே செய்வாள்.

வசந்தத்தில் ஹெர்ரிங் மீன் வண்டிப் பக்கத்தில் நின்று அவன்தான் பேச்சை எடுத்தான். "இந்த வாட்டி நாம கேக்க வேணாம். நீ குழுவுல உக்காந்துக்கிட்டு நாமளே கேட்டா ஊரு என்ன பேசும்? தொலைநோக்கி இயக்குநர் கையில தனியா கொஞ்சம் நேரம் இருக்கும்ல, பின்னால அதுல கேட்டு வாங்கிக்கலாம்."

நியாயமாகத்தான் பட்டது. மீனோடு தின்ற வெங்காயம் ஒட்டிய விரல்களோடு இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கையோடு போய் எழுதியிருக்கிறான். ம்யூனிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, அவளைக் கழற்றிவிட்டு.

திரும்பிப்போய்த் திங்கட்கிழமை அவன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என்ன கேட்கலாம் என்று யோசித்தாள். சாவகாசமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கினாள். திட்டுவதற்குக்கூட அவளுக்கு அவனிடம்தான் யோசனை கேட்டுப் பழக்கம்.

டில்மானுக்கு இப்போதுதான் உறைத்தது. "நீங்க இதுல... இல்லையா? அப்ப ஏன் வெளிய அனுப்பினாங்க?"

"ஒரே துறை. விதி அப்படி."

கதவு திறந்தது. முடிவை யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் சரக்கு நல்ல விலைக்குப் போன கடையின் முகம் எப்படி இருக்கும் என்று ஃபென்னாவுக்குத் தெரியும். உள்ளே எல்லாருடைய முகமும் அப்படித்தான் இருந்தது. வெட்டாமல் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் நாற்காலியை இழுத்தாள்.

"உக்காராதீங்க ஃபென்னா" என்றாள் மார்லூஸ். "முப்பத்திரண்டு. நீங்க மட்டும் வெளிய."

டில்மான் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

கதவை நோக்கி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் குழுத் தலைவர் தாளைப் புரட்டுவதும் சிரிப்பதும் கேட்டது. "அடடே, மறுபடியும் அதே ஜோடியா? அதத்தான் இப்ப வித்து முடிச்சோமே. இது யாருப்பா, சந்தை கலைஞ்சப்புறம் பையத் தூக்கிட்டு வர்றது?"

"வரிக்கு வரி அதே மாதிரி இருக்கு" என்றது இன்னொரு குரல். "ரெண்டையும் ஒரே ஆள் எழுதுன கணக்கா."

ஃபென்னா கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை நடைவழியில் துணைக்கு யாரும் இல்லை.

முப்பத்திரண்டாம் விண்ணப்பத்தைக் கொடுத்தவர் ஒரே ஒருவர். அது ரெய்னியர் அல்ல. அவர் விரலிலும் அன்று வெங்காயம் ஒட்டியிருந்தது.